மெமரி போதவில்லை என்றால் ரேம் வாங்கத்தான் வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விண்டோஸ் 3.1-இல் ஓடும் தட்டச்சு மென்பொருளான வேர்ட் 6 அடிக்கடி 'மெமரி போதவில்லை' என்று சொல்லி நின்றுவிடுவதாகத் தங்கள் கணினிக் கேள்வி பதில் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். ரேமைக் கூட்டுங்கள், முடியாவிட்டால் கணினியை மாற்றுங்கள் என்று பதில் தந்திருக்கிறீர்கள். அவர் ரேம் வாங்கிப் போட்டாலும் அநேகமாக அதே செய்திதான் வரும். எழுத்தாளர்களின் கைப்பிரதிகளைத் தட்டச்சு செய்து பிழைத்தவன் நான். பழைய ஃபைல்களைத் திறக்க அப்படி ஒரு கணினியை இன்னும் வைத்திருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

1992-இல் வந்த அந்த விண்டோஸ், திரையில் தெரியும் ஜன்னல், பொத்தான், தூரிகை எல்லாவற்றின் கணக்கையும் மெமரியில் ஒதுக்கிய 'யூசர்', 'ஜிடிஐ' (திரையில் வரையும் வேலைக்கானது) என்ற பகுதிகளில் வைக்கிறது. ஜிடிஐ பகுதிக்கு இடம் வெறும் 64 கேபி. ரேம் 4 எம்பி ஆனாலும் 16 எம்பி ஆனாலும் அந்த 64 கூடாது. ஊர்ப்பட்ட நிலம் இருந்தும் சாவி மாட்ட ஒரே ஓர் ஆணிதான் என்கிற கதை. விண்டோஸின் முதல் திரையான புரோகிராம் மேனேஜரில் ஹெல்ப் மெனுவின் கடைசி வரியான 'அபௌட்' என்பதைத் தட்டினால், 'சிஸ்டம் ரிசோர்சஸ்', அதாவது இந்தப் பகுதிகளின் இடம், எத்தனை சதவீதம் மிச்சம் என்று தெரியும். அது மிகவும் இறங்கியிருந்தால் தேவையில்லாத டூல்பார்களையும் மற்ற புரோகிராம்களையும் மூடினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். சில புரோகிராம்கள் மூடிய பிறகும் பிடித்த இடத்தை விடாது. அப்போது விண்டோஸுக்கு அடியில் இருக்கும் டாஸுக்கு வெளியேறி, மறுபடி 'வின்' என்று தட்டி உள்ளே வர வேண்டும்.

வெளியே வந்த கையோடு டெம்ப் டைரக்டரியில் தேங்கிய .டிஎம்பி என்று முடியும் தற்காலிக ஃபைல்களையும் அழித்துவிடலாம். விண்டோஸ் ஓடும்போது மட்டும் அதில் கை வைக்கக் கூடாது. வேர்ட் திறந்த வேகத்தில் 'ஜெனரல் புரொடெக்‌ஷன் ஃபால்ட்' என்று சாய்ந்தால், வேர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் நார்மல்.டாட் ஃபைலின் பெயரை மாற்றிப் பார்க்கலாம். வேர்ட் தானே புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். பழையதை அழிக்க வேண்டாம், மேக்ரோக்கள் (நாம் பதிந்துவைத்த கட்டளைத் தொகுப்புகள்) அதில்தான் இருக்கும்.

நீங்கள் தொடாத ஒன்றும் உண்டு. வேர்டில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போனால் 'ஃபாஸ்ட் சேவ்' இருக்கும். அதை முதலில் அணைக்கச் சொல்லுங்கள். அது திருத்தங்களை ஃபைலின் வாலில் ஒட்டிக்கொண்டே போகும். ஃபைல் வீங்கும், சீக்கிரம் கெட்டும் போகும். நாம் நீக்கிய வரிகள்கூட உள்ளே கிடக்கும். ஒருவரைத் திட்டி எழுதிவிட்டு மனம் மாறி அழித்த பத்தியை, ஃபைலை நோட்பேடில் திறப்பவர் படித்துவிடலாம்! அதை அணைத்துவிட்டு, 'சேவ் ஆஸ்' மூலம் வேறு பெயரில் சேமித்தால் பழைய குப்பை போய்விடும்.

அந்த வாசகர் ரேம் தேடிக் கிளம்புவதற்குள் இதை வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு பழைய தட்டச்சாளர்