பெட்டியைத் திறக்க யாரிடம் கேட்க வேண்டும்?

எங்கள் வட்டாரப் பொலிஸாருக்கும், ரெயில் சரக்கு முனையத்தைக் காவல் காப்பவர்களுக்கும், எல்லையில் கொள்கலன் பார்க்கும் அலுவலர்களுக்கும்,

வணக்கம். மூன்று தரப்புக்கும் தனித்தனியே எழுதியிருக்கலாம். ஆனால் தனித்தனியே போன் எடுத்துக் களைத்துப்போன ஆள் நான். எடுத்தபோதெல்லாம் ஆளுக்காள் மற்றவரின் நம்பரைத்தான் தந்தீர்கள். அதனால் ஒரே மடல், மூவரும் சேர்ந்தே வாசியுங்கள்.

2024 ஜனவரியில், ரொறன்ரோவை ஒட்டிய ஊரில், எங்கள் வீட்டு வாசலில் நின்ற கார் களவு போனது. காலை ஐந்து மணி வேலைக்குப் போக நாலேகாலுக்குக் கதவைத் திறந்தேன். இரவு முழுக்கப் பனி கொட்டியிருந்தது. சுற்றிவர அரையடிப் பனி, கார் நின்ற நீள்சதுரத்துக்குள் மட்டும் ஒரு விரல் மொத்தம். அதைப் பார்த்தே, போய் ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை என்று சொல்லிவிடலாம். கண்ணாடித் துண்டு ஒன்றுகூடக் கீழே இல்லை. முன் சில்லு நின்ற பக்கம் ஒரு கறுத்த பிளாஸ்டிக் மூடி மட்டும் கிடந்தது. பின்னால் வந்த மனைவி, "இஞ்சருங்கோ, காரை எங்க விட்டனீங்கள்?" என்று கேட்டார். எனக்கே ஒரு கணம், வேறெங்கோதான் விட்டுவிட்டு வந்தேனோ என்று தோன்றியது.

திறப்பு வீட்டுக்குள்தான் இருந்தது, அதுவும் மலிபன் பிஸ்கட் பேணிக்குள். வாசலில் நின்றே திறப்பின் சிக்னலைப் பிடித்துப் பெருக்கி காரைத் திறக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அப்படித்தான் வைப்போம். ஆனால் முன் சில்லுக்கு மேலே உள்ள மூடியைக் கழற்றி, ஹெட்லைட்டுக்குப் போகும் வயரில் ஒரு சின்னக் கருவியைக் கொழுவி, சரியான திறப்பு பக்கத்திலேயே இருக்கிறது என்று காரை நம்பவைக்கும் வழியும் இருக்கிறதாம். அதற்குப் பேணி என்ன செய்யும்? 2007 செப்டம்பரிலிருந்து இந்த நாட்டில் புதுக் கார்களுக்கு இம்மொபிலைசர், அதாவது சரியான திறப்பு இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத கருவி, கட்டாயம் என்பதை நம்பித்தான் நாங்களும் காரை வெளியே விட்டுவிட்டுத் தூங்கினோம். அப்புறம் ரொறன்ரோவின் எற்ரோபிக்கோ பகுதியில் நடந்த கூட்டமொன்றில் ஒரு பொலிஸ் அலுவலர், கள்ளர் வீட்டுக்குள் வராமல் இருக்கத் திறப்பை முன்கதவடியில் வையுங்கள் என்று சொன்னது அந்த வருட மார்ச்சில் செய்தியாக வந்தது. என் மனைவி கேட்டார்: "அப்ப தேத்தண்ணியும் போட்டு வைப்பமோ?"

சரி, களவை விடுங்கள். நான் எழுதுவது களவுக்குப் பின் நடந்ததைப் பற்றி.

பின் இருக்கைக்குக் கீழே கம்பளத்தைப் பிரித்து ஒரு ஏர்டாக், அதாவது இருக்கும் இடத்தைப் போனில் புள்ளியாகக் காட்டும் சின்னக் கருவி, வைத்துத் தைத்திருந்தேன். எடுத்த காரைக் கள்ளர் உடனே கொள்கலன் பெட்டியில் ஏற்றிக் கப்பலுக்கு அனுப்பிவிடுவதில்லை. எங்கேயாவது பொதுத் தரிப்பிடத்தில் ஒன்றிரண்டு நாள் விட்டு, யாராவது தேடி வருகிறார்களா என்று பார்ப்பார்கள். என் காரும் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில், ஒரு அடுக்குமாடியின் தரிப்பிடத்தில் இரண்டு நாள் நின்றது. போனில் நீலப்புள்ளி அசையாமல் இருந்தது. விலாசத்தைச் சொன்னேன். நீங்களாகப் போகவேண்டாம், ஆபத்து, வாகனம் ஒன்று ஓய்ந்ததும் அனுப்புகிறோம் என்றீர்கள். நான் போகவில்லை. நீங்களும் போகவில்லை.

மூன்றாம் நாள் காலை புள்ளி ரெயில் சரக்கு முனையத்துக்குள் இருந்தது. அன்று எடுத்த போன்களை நான் கணக்கு வைக்கவில்லை. முனையம் தனியார் நிலம், உள்ளே பெட்டி திறக்க நீதிமன்ற ஆணை வேண்டும், அதோடு அங்கே அவர்களுக்கே பொலிஸ் இருக்கிறது என்றார் வட்டாரப் பொலிஸ். (இந்த நாட்டில் பெரிய ரெயில் கம்பனிகளுக்குச் சொந்தப் பொலிஸ் இருப்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன்.) விசாரிக்கும் அலுவலர் கேட்டால்தான் பார்ப்போம் என்றார் ரெயில்வே பொலிஸ். விசாரிக்கும் அலுவலரோ நாலு நாள் விடுப்பில். ஏற்றுமதிப் பெட்டியைத் திறந்து பார்க்கும் அதிகாரம் எல்லை அலுவலர்களுக்கு உண்டு என்று எங்கேயோ வாசித்துவிட்டு அங்கேயும் எடுத்தேன். தகவல் பொலிஸிடமிருந்து வரவேண்டும், பொதுமக்களிடமிருந்து எடுப்பதில்லை என்றார்கள். மூன்று பேர் சொன்னதிலும் பொய் இல்லை, அதனால்தான் யாரோடும் சண்டை பிடிக்கவும் முடியவில்லை.

புள்ளி எந்தப் பெட்டி என்று காட்டாது, அதை ஒத்துக்கொள்கிறேன். அடுக்கி நிற்கும் நூற்றுக்கணக்கான பெட்டிகளில் ஒன்றைத் தேடுவது லேசில்லை. ஆனால் அந்த மூலையிலிருந்து அன்றும் மறுநாளும் கிழக்கே போகும் பெட்டிகள் எவை, அவற்றில் பழைய தளபாடம், வீட்டுச் சாமான் என்று பதிந்து மேற்கு ஆபிரிக்காவுக்குப் போவது எது என்று கடதாசியைப் பார்த்தாலே பாதி கழிந்துவிடும் என்று என் வேலையிடத்தில் சரக்கு அனுப்பும் பெடியன் சொல்கிறான். அவன் சொல்வது பிழையென்றால் பிழை என்று சொல்லுங்கள்.

அடுத்த நாள் புள்ளி மொன்றியல் பக்கம் ஒருதரம் காட்டிவிட்டு அணைந்தது. மார்ச் கடைசியில், சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது போனைப் பார்க்கிறேன், கானாவின் தேமா துறைமுகத்தில் ஒரு புள்ளி. மகள் வரைபடத்தைப் பெருப்பித்துக் காட்டினாள். கப்பல், கடல், அதன் ஓரத்தில் எங்கள் கார்.

இதைச் சேர்ந்து செய்ய முடியாது என்று நீங்கள் சொல்ல முடியாது. 2023 டிசம்பர் நடுவிலிருந்து 2024 மார்ச் வரை ஒன்ராறியோ மாகாணப் பொலிஸாரும் கியூபெக் பொலிஸாரும் எல்லை அலுவலர்களும் சேர்ந்து மொன்றியல் துறைமுகத்தில் 390 கொள்கலன்கள் பார்த்து 598 களவுக் கார்களை எடுத்தார்கள்; அதில் முக்கால்வாசி ஒன்ராறியோவில் களவு போனவை. அந்தத் தேடல் நடந்துகொண்டிருந்த அதே நாட்களில்தான் நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பெப்ரவரி 8ஆம் திகதி ஒட்டாவாவில் கார்க் களவுக்கென்றே தேசிய மாநாடும் நடந்தது, எல்லை முகமைக்கு 28 மில்லியன் டொலர் ஒதுக்கினார்கள், கனடாவின் களவு வாகனப் பட்டியலை இன்டர்போலோடு இணைத்தார்கள். நல்லது. அந்த வருடம் களவுகள் குறைந்ததும் உண்மை. ஆனால் கையில் புள்ளியோடு நிற்கும் ஒருவன் இரவு இரண்டு மணிக்கு எந்த நம்பருக்கு எடுப்பது என்பதற்கு இன்னும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

நான் கேட்பது அந்த ஒரு நம்பர்தான். இருபத்திநாலு மணி நேரமும் எடுக்கவேண்டும். எடுப்பவர் கோப்பு இலக்கத்தையும் புள்ளி நிற்கும் இடத்தையும் வாங்கிக்கொண்டு, மற்ற இரு தரப்புக்கும் தானே சொல்லி, அந்த வரிசைப் பெட்டிகளை ஒரு நாள் நிறுத்திவைக்கச் சொல்லும் அதிகாரம் உள்ளவராக இருக்கவேண்டும். விசாரிக்கும் அலுவலர் விடுப்பில் போனால் கோப்பு அவரோடு விடுப்பில் போகக்கூடாது.

காப்புறுதிக் காசு வந்துவிட்டது. கடன் கட்டியது போக மிச்சம் கொஞ்சம். காசைத் தந்த நாளிலிருந்து கார் காப்புறுதிக் கம்பனிக்குச் சொந்தம், ஆகவே கண்டுபிடித்தாலும் உங்களுக்கு அறிவிக்கத் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் காருக்குள் கிடந்த சாமானுக்கு அந்தக் காப்புறுதி பொருந்தாது என்றும் அவர்களே சொன்னார்கள். அப்படியென்றால் பின்பெட்டியில், சிவப்புத் துணிப் பைக்குள் இருக்கும் என் மகளின் சலங்கை இன்னும் எங்களுடையதுதானே. மாமி யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்தது, இடது காலில் மூன்று மணி குறைவு. யாராவது அந்தக் காரைத் திறந்தால், செஸி நம்பரோடு அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கோப்பு இலக்கம் மட்டும் கையில் உள்ள ஒருவன்