பங்க் காலத்து ஒலிநாடாக்களை வைத்திருக்கும் இசைக் காப்பகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய காப்பாளர்களுக்கு,

வணக்கம். 1970-களில் எழுந்த முரட்டு ராக் இசையான பங்கின் பிரிட்டிஷ் குழு தி கிளாஷ்; அதன் பாடகரும் கிட்டார்காரருமான ஜோ ஸ்ட்ரமர் 2002 டிசம்பர் 22 அன்று, 50 வயதில் இறந்தார். பிறவியிலிருந்தே இருந்த இதயக் குறைபாட்டை யாரும் கண்டுபிடிக்கவில்லை. வீட்டுக் கொட்டகையில் அவர் சேர்த்து வைத்திருந்த நாடாக்களும் கையெழுத்துத் தாள்களும் அதன் பிறகுதான் வெளியே தெரிந்தன. இன்று அந்தத் தொகுப்பில் 20,000-க்கும் மேற்பட்ட உருப்படிகள் இருக்கின்றன. 2018-இல் அதிலிருந்து ஓர் இசைத்தொகுப்பும் வந்தது. அவர் காலத்தில் பாடிய மற்ற குழுக்களுக்கு இப்படி வாய்க்கவில்லை. அவர்களுடைய நாடாக்கள் உங்கள் அலமாரிகளில் காத்திருக்கின்றன. அவற்றை டிஜிட்டலுக்கு மாற்றும்போது நேரும் சேதத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் கையில் இருப்பது என்ன நாடா என்று பாருங்கள். 1970-களின் நடுவில் புழக்கத்துக்கு வந்த ஆம்பெக்ஸ் 406, 456 போன்றவற்றில் காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை, காற்றின் ஈரத்தை வாங்கிச் சிதைகிறது. ஓட்டினால் கிறீச்சிடும், ஹெட்டில் (நாடாவைப் படிக்கும் காந்த முனையில்) பழுப்புப் பிசுக்கு அப்பும், கடைசியில் நின்றே போகும். ‘ஒரு தடவை ஓட்டித்தான் பார்ப்போமே’ என்பதுதான் இங்கே பெரிய கேடு. பாட்டைத் தாங்கும் காந்தத் துகள்தான் அந்தப் பிசுக்கு, உரிந்தால் திரும்பாது.

ஓட்டுவதற்கு முன் ஈரத்தைப் போக்க வேண்டும். இப்படிச் சிதைந்த கால் அங்குல நாடாவை 54 டிகிரி செல்சியஸில் சுமார் 8 மணி நேரம் சூடாக்கி, இடையில் புரட்டிப் போட்டு, அதே அளவு நேரம் ஆறவிட வேண்டும். 2 அங்குல நாடாவுக்கு நேரம் இன்னும் கூடும். ஆய்வகச் சூட்டுப்பெட்டி நல்லது. சமையலறை ஓவனில் வெப்பம் ஏறி இறங்கும். மைக்ரோவேவ் பக்கமே போகாதீர்கள். சூடாக்கிய நாடா சில வாரங்களுக்குத்தான் ஒழுங்காக ஓடும் என்பதால், இயந்திரத்தைத் தயாராக்கிய பிறகே சூட்டைத் தொடங்குங்கள். வினிகர் வாடை அடிக்கிற, சுருளை வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவுகிற அசிட்டேட் நாடாவை எக்காரணம் கொண்டும் சூடாக்கக் கூடாது.

கேசட்டின் நோய் வேறு. நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு பஞ்சுப்பட்டை பசை விட்டு விழுந்திருக்கும்; உயர்சுரங்கள் மங்குவது பெரும்பாலும் அதனால்தான். நாடாவை நல்ல திருகு வைத்த கூட்டுக்கு மாற்றுங்கள். பிறகு ஹெட்டின் சாய்வை ஒவ்வொரு கேசட்டுக்கும் தனியாகத் திருத்துங்கள். மோனோவில் கேட்டபடி திருகினால், சிம்பல் ஒலி எங்கே கூர்மையாகிறதோ அதுதான் சரியான இடம். 1979-இல் வந்த டியாக் போர்ட்டாஸ்டுடியோ என்ற நான்கு தடக் கேசட் பதிவுக் கருவியில் பதிந்ததாக இருந்தால் இன்னொரு சிக்கல். அது நான்கு தடங்களையும் ஒரே திசையில், வழக்கமான வேகத்தைப் போல இரு மடங்கில் பதியும். சாதாரண டெக்கில் போட்டால் பாதி வேகத்தில், மறுபக்கத்தில் தலைகீழாக ஒலிக்கும். ‘கெட்டுப்போன கேசட்’ என்று ஒதுக்கியவற்றை மறுபடி பாருங்கள்.

இவை சாதாரணப் பொருள்கள் அல்ல. தி கிளாஷின் ‘லண்டன் காலிங்’ தொகுப்புக்கான முன்னோட்டப் பதிவுகள் 1979-இல் லண்டனின் பிம்லிகோ பகுதியிலுள்ள வனிலா ஒத்திகைக் கூடத்தில் எடுக்கப்பட்டன. ஒரு படி சுரங்க ரயிலில் தொலைந்தது. 2004-இல் குழுவின் கிட்டார்காரர் மிக் ஜோன்ஸிடமிருந்து வேறொரு படி கிடைத்திராவிட்டால் அந்த 37 பதிவுகளும் போயிருக்கும்.

இனி, எங்களுக்கு அதிகக் கோபம் தரும் விஷயம்: இரைச்சல் நீக்கம். ஸ்ட்ரமர் இடக்கைக்காரர், ஆனால் வலக்கைக்காரர்போல வாசித்தார். நுணுக்கமான விரல்வேலைக்கு வழியில்லாததால் வலக்கையை முரசடிப்பதுபோல ஆட்டினார். அவருடைய 1966 டெலிகாஸ்டர் கிட்டாரில் அந்த அடி விழும் கணத்தின் கரகரப்பே அவருடைய பாணி. மென்பொருளுக்கு அந்தக் கரகரப்பும் இரைச்சலும் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிடும். மெய்யெழுத்துகளைக் கடித்துத் துப்பும் அவருடைய பாட்டுக்கும் அதே கதி. அந்தக் காலத்துக் குழுக்கள் பலவும் இப்படித்தான் ஒலித்தன.

50 ஹெர்ட்ஸ் மின் ரீங்காரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டாதீர்கள். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியை மூன்றாம் கட்டையில் (fret) அழுத்தினால் வரும் சுரம் 49 ஹெர்ட்ஸ். ரீங்காரத்தோடு அதுவும் போகும். (சுரப் பெயர்களைக் கழுத்துப் பலகையில் எழுதி வைத்துப் பழகிய தி கிளாஷின் பேஸ் கிட்டார்காரர் பால் சைமனனின் சுரங்களை நாமா அழிப்பது?) தவிர, அந்த ரீங்காரம் ஒரு சாட்சி. பிரிட்டனில் பதிந்த நாடாவில் அது 51.5 ஹெர்ட்ஸில் தெரிந்தால், நாடா 3 சதவீதம் வேகமாக ஓடுகிறது. வேகத்தை அதை வைத்தே திருத்தலாம். சரியாக 50-இல் நிற்கும் ரீங்காரம் உங்கள் இயந்திரத்தினுடையதாகவும் இருக்கலாம். நாடா இல்லாமல் ஒரு முறை பதிந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

மூலப்படியை 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில், எந்தத் திருத்தமும் இல்லாமல் வையுங்கள். டால்பி (நாடா இரைச்சலைக் குறைக்கும் முறை) போட்டுப் பதிந்ததா என்று பெட்டியில் குறிப்பு இல்லையென்றால், டால்பியை நீக்காத படியையே மூலமாகக் கொள்ளுங்கள். பிறகு எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம். பெட்டி, உறை, ஓரத்துக் கிறுக்கல் எல்லாவற்றையும் படமெடுங்கள்.

கடைசியாக விலை. 1980-இல் ‘சாண்டினிஸ்டா!’ தொகுப்பை, மூன்று இசைத்தட்டுகள், 36 பாடல்கள், மலிவாக விற்பதற்காக தி கிளாஷ் முதல் 200,000 பிரதிகளின் உரிமைத்தொகையை விட்டுக்கொடுத்தது. நீங்கள் மீட்கும் பதிவுகள் ஆடம்பரப் பெட்டிகளுக்குள் மட்டும் போய் அடைய வேண்டாம். உரிமையாளர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, காப்பகத்துக்கு வரும் எவரும் கட்டணமின்றிக் கேட்க ஒரு கணினியும் ஒரு ஹெட்போனும் வையுங்கள்.

இப்படிக்கு,
நாடா மீட்பு வேலை செய்யும் ஒலிப்பதிவுப் பொறியாளர்கள்