வீட்டு ஸ்கிரீன் பிரிண்டிங் கிட்டில் வந்த வினைல் குறித்த புகார்

அனுப்புநர்
வீட்டில் டி-ஷர்ட் பிரிண்டிங் செய்யும் வாடிக்கையாளர்,
திருப்பூர்.

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர்,
ஸ்கிரீன் பிரிண்டிங் கிட் விற்பனைப் பிரிவு.

நாள்: 18.08.2025

பொருள்: கிட்டில் வந்த வினைல் அட்டையில் எழுதியபடி உழைக்காதது, விளக்கத்தாளில் உள்ள தவறுகள், இழப்பீடு – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த ஜூலை மாதம் ₹3,450 கொடுத்து உங்கள் கிட்டை வாங்கினேன். 43டி மெஷ் (சென்டிமீட்டருக்கு 43 இழை உள்ள வலைத்துணி) இழுத்துக் கட்டிய மரஃபிரேம், மையைத் தள்ளி இழுக்கும் ரப்பர் பட்டையான ஸ்குவீஜி, நான்கு சிறு டப்பாக்களில் மை, ஐந்து வினைல் தாள் (பின்பக்கம் பசையுள்ள ஸ்டிக்கர் தாள்), தமிழில் ஒரு விளக்கத்தாள் எல்லாம் குறையில்லாமல் வந்து சேர்ந்தன. எழுத்தை வெட்டியெடுத்த வினைலை மெஷ்ஷில் ஒட்டினால் அதுதான் ஸ்டென்சில், வெட்டிய இடம் வழியாக மட்டும் மை துணியில் இறங்கும். பெட்டியின் மேல் "ஒரு ஸ்டென்சிலில் 50 பிரிண்ட் உறுதி" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். எனக்கு அது ஏழாவது பீஸிலேயே போய்விட்டது. இரண்டு முறை தொலைபேசியிலும் ஒரு முறை மின்னஞ்சலிலும் சொல்லிவிட்டேன். தவறு என்னுடையது என்றே ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. நடந்ததை முழுதாக ஒருவராவது படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்குப் புதியவள் இல்லை. பிரிண்டிங் யூனிட்டில் முதலில் செக்கிங்கிலும் பிறகு அச்சடிக்கும் டேபிளிலும் பதினோரு வருடம் நின்றவள். சாயக்கழிவு ஆற்றில் கலந்ததற்காக 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகளை மூடியபோது துணி வரத்து இல்லாமல் எங்கள் யூனிட்டும் நின்றுபோய், வீட்டில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். நொய்யல் ஆற்றில் எது கலக்கிறது என்ற கேள்வி அப்போதிருந்தே மனதில் இருக்கிறது. இரண்டாவது குழந்தைக்குப் பிறகு வேலைக்குப் போக முடியவில்லை, வீட்டிலேயே பிரிண்டிங் செய்யலாம் என்று நினைத்தேன். யூனிட்டில் செய்வதுபோல கோட்டிங் பசையில் பைக்ரோமேட் என்ற நச்சு ரசாயனத்தைக் கலந்து ஸ்கிரீனில் பூசி, இருட்டறையில் காய வைத்து, வெளிச்சம் காட்டி எக்ஸ்போஸ் செய்து, கடைசியில் அதைக் கரைத்துச் சாக்கடையில் விடும் வேலையைக் குழந்தை தவழும் வீட்டில் செய்ய எனக்கு மனமில்லை. வினைல் என்றால் வெட்டி, ஒட்டி, அச்சடித்து, உரித்துப் போட்டுவிடலாம். உங்கள் விளம்பரத்தில் என்னை இழுத்தது அதுதான். இந்த முறையை நான் இன்றும் நம்புகிறேன். குறை, நீங்கள் கொடுத்த வினைலில்.

முதல் ஆர்டர் வெள்ளகோவிலில் ஒன்றாகப் படித்தவர்கள் கொடுத்தது. 2005-ல் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் இருபது வருடம் கழித்து ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை கூடுவதாக இருந்தார்கள். எலுமிச்சை மஞ்சள் பனியனில் கருநீல மையில் "வெள்ளகோவில் 2005" என்று 48 பீஸ் கேட்டார்கள். சேதாரத்துக்கு இரண்டு சேர்த்து 50 பீஸ் எடுத்தேன், பீஸ் ஒன்று ₹165.

அந்த ஊர்ப் பெயரை ஒரு முறை எழுதிப் பாருங்கள். இரண்டு கொம்பிலும் சுழி, இரண்டு வ-விலும் சுழி, இரண்டு ள-விலும் சுழி, ககரத்தில் ஒன்று, ல-வில் ஒன்று. 2005-ல் இருக்கும் இரண்டு சைபரையும் சேர்த்தால் குறைந்தது பத்து இடத்தில் எழுத்துக்கு நடுவே வினைல் பொட்டு தனியாக நிற்க வேண்டும். அட்டையில் வெட்டும் ஸ்டென்சிலாக இருந்தால் அந்தப் பொட்டைத் தாங்கப் பாலம் விட வேண்டும், எழுத்தின் அழகு போய்விடும். வினைலை மெஷ்ஷில் ஒட்டும்போது பாலம் தேவையில்லை, பொட்டை மெஷ்ஷே பிடித்துக்கொள்ளும். ஆனால் மெஷ் சல்லடை மாதிரி. பசைக்குப் பிடிமானம் கிடைப்பது இழைகளின் முதுகில் மட்டும்தான், மற்றதெல்லாம் ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத்தான் நீர் கலந்த மை வந்து பசையை நனைக்கிறது. அதனால் பசை உறுதியாக இருந்தே ஆக வேண்டும்.

முதல் ஸ்டென்சிலில் ஆறு பீஸ் அருமையாக வந்தன. ஓரம் கத்தியால் கீறியதுபோல இருந்தது, என் மூத்த மகள் கைதட்டினாள். ஏழாவது பீஸில் ஃபிரேமைத் தூக்கிப் பார்த்தால் முதல் ள-வின் சுழிக்குள் மை நிறைந்து, எழுத்து கண்ணை மூடிக்கொண்டது போலக் கிடந்தது. ஃபிரேமைத் திருப்பி, ஈரத்தைத் துடைத்து, விரலால் அழுத்தி ஒட்டி அடுத்ததை அடித்தேன். பாசிப்பயறு அளவுள்ள அந்தப் பொட்டு முழுதாகக் கழன்று பனியனிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. அடுத்த பீஸில் கொம்பின் பொட்டும் போனது. மூன்று பனியன் வீண்.

உங்கள் எண்ணுக்கு அழைத்தேன். "மெஷ்ஷில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்திருக்கும், சோப்பு போட்டுக் கழுவிக் காய வைத்து வேறு தாளில் வெட்டி ஒட்டுங்கள்" என்றார்கள். நியாயமான யோசனைதான், யூனிட்டிலும் அப்படித்தான் செய்வோம். கழுவினேன், ஒரு இரவு முழுக்கக் காய வைத்தேன். ஸ்டிக்கர் கடையில் மறுபடி ₹120 கொடுத்துப் பிளாட்டர் என்ற வெட்டும் மெஷினில் வெட்டி வாங்கி, கரண்டியின் முதுகால் ஒவ்வொரு பொட்டாகத் தேய்த்து ஒட்டினேன். இந்த முறை ஒன்பது பீஸ் வந்தன. பிறகு அதே கதை. நிறுத்தி, காய வைத்து, ஒட்டி ஒட்டி முயன்றதில் இன்னும் நான்கு பனியன் கெட்டன. அன்று ஆகஸ்ட் 7, விழாவுக்கு மூன்று நாள்தான் இருந்தது.

மூன்றாவது தாளை எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனேன். வருடக்கணக்கில் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற பெரியவர். தாளின் ஓரத்தை நகத்தால் கிள்ளி மேசையில் ஒட்டி, உடனே உரித்துப் பார்த்தார். "அம்மணி, இது கடைக் கண்ணாடியில 'ஆடித் தள்ளுபடி'ன்னு ஒட்டிட்டு, ஆடி முடிஞ்சதும் பிசிறில்லாம உரிச்சு எடுக்கற ரகமுங்க. தண்ணி பட்டா நிக்காதுங்க" என்றார். நம்பர் பிளேட்டுக்கு ஒட்டும் வினைலில் அதே டிசைனை வெட்டிக் கொடுத்தார்.

அதே ஃபிரேம், அதே மெஷ், உங்கள் மை, என் கை. மாறியது வினைல் மட்டும். கூடுதலாக ஐந்து பனியன் வாங்கி, மீதி 33 பீஸையும் அந்த ஒரே ஸ்டென்சிலில் அடித்து முடித்தேன். ஒரு பொட்டுகூட அசையவில்லை. கழுவிய ஸ்டென்சில் இன்னும் மெஷ்ஷிலேயே இருக்கிறது, நேரில் வந்து பார்க்கலாம். சனிக்கிழமை இரவு பதினோரு மணிக்கு வெள்ளகோவில்காரர்கள் வந்து எடுத்துப் போனார்கள்.

இதைச் சொன்ன பிறகும் உங்கள் மின்னஞ்சலில் மூன்று காரணம் வந்தது. வீட்டில் ஈரப்பதம் அதிகமாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று வீசும் ஊர் இது. இங்கே மை மெஷ்ஷிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளாமல் பார்ப்பதுதான் பெரும்பாடு. அடுத்தது, வினைலைத் தவறான பக்கம் ஒட்டியிருப்பேனாம். துணியைத் தொடும் அடிப்பக்கத்தில்தான் ஒட்டினேன், படம் அனுப்பியிருக்கிறேன். மூன்றாவதுதான் என்னை வருத்தியது: "இது பொழுதுபோக்குக்கான கிட், வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் உத்தரவாதம் கிடையாது." பெட்டியில் எங்குமே அப்படி எழுதவில்லை. விளம்பரத்தில் "வீட்டிலிருந்தே சம்பாதியுங்கள்" என்று அழைத்தவர்கள் நீங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் பிரிவு 2(7), சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் பொருள் வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று தெளிவாகச் சொல்கிறது. நானும் நுகர்வோர்தான்.

விளக்கத்தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். "வடிவத்தைத் திருப்பாமல் வெட்டி, ஃபிரேமின் அடிப்பக்கம் ஒட்டவும்" என்று இருக்கிறது. அடிப்பக்கம் ஒட்டுவதென்றால் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பித்தான் வெட்ட வேண்டும், இல்லையென்றால் பனியனில் எழுத்து இடம் வலமாக மாறி விழும். எனக்குத் தெரியும், தப்பித்தேன். புதிதாகக் கற்கிற பெண் முதல் பனியனிலேயே மனம் உடைந்துபோவாள். அடுத்தது, 30 விநாடி இஸ்திரி போட்டால் மை நிற்கும் என்பது. உங்கள் மை டப்பாவின் மேலேயே 150 டிகிரியில் 3 முதல் 4 நிமிடம் என்று அச்சாகியிருக்கிறது. டப்பா சொல்வதுதான் சரி. தாளை நம்பினால் இரண்டாவது சலவையிலேயே வெளுத்துவிடும். உங்கள் செய்முறை வீடியோவில் அச்சடிப்பது ஒரு நட்சத்திரமும் ஒரு இலையும். இரண்டிலும் நடுவில் பொட்டு இல்லை. தமிழில் விளக்கத்தாள் போட்டுத் தமிழ்நாட்டில் விற்கும்போது ஒரு முறையாவது தமிழ் எழுத்தை வெட்டி அடித்துப் பார்த்திருக்க வேண்டாமா?

முழுப் பணத்தையும் நான் திருப்பிக் கேட்கவில்லை. ஃபிரேம் நன்றாக இருக்கிறது, மெஷ் தளரவில்லை, ஸ்குவீஜியும் நல்ல ரப்பர். உங்கள் விலைப்பட்டியல்படி வினைல் தாள்களுக்கு ₹590, கெட்டுப்போன ஏழு பனியனுக்கு ₹1,155, இரண்டு முறை வெட்டிய கூலி ₹240, மொத்தம் ₹1,985 எனக்கு வர வேண்டும். இனி அனுப்பும் கிட்டுகளில் தண்ணீருக்குத் தாங்கும் நிரந்தரப் பசை வினைலை வையுங்கள், அல்லது 50 பிரிண்ட் என்ற வாசகத்தை எடுத்துவிடுங்கள். விளக்கத்தாளின் இரண்டு தவறுகளையும் திருத்தி, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் தெரிவியுங்கள். பணத்தைவிட எனக்கு இது முக்கியம். என் தெருவிலேயே இரண்டு பேர் என்னைப் பார்த்து இந்தக் கிட்டை வாங்கத் தயாராக இருந்தார்கள், நான்தான் பொறுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ரசீது, கெட்ட பனியன்களின் படங்கள், கடையில் வெட்டியதற்கான சீட்டு, வெட்டாத மூன்றாம் தாளிலிருந்து ஒரு துண்டு ஆகியவற்றை இணைத்துள்ளேன். துண்டை நீங்களே மெஷ்ஷில் ஒட்டி நனைத்துப் பாருங்கள். செப்டம்பர் 2-க்குள் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், அடுத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
(கையொப்பம்)