அந்தப் பேனரை இறக்கிவிடுங்கள்: தலைமையகப் பயிற்சித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்சித் துறைத் தலைவர் அவர்களுக்கும் துறையின் நண்பர்களுக்கும்,

வணக்கம். நைரோபிக் கிளையின் கணக்குப் பிரிவிலிருந்து எழுதுகிறேன். ஒத்துழைப்பைப் பற்றி உங்கள் துறை இங்கே நடத்திய பயிலரங்கில் என்ன நடந்தது என்பது அறிக்கை வழியாக உங்களுக்குத் தெரிந்திருக்கும். அறிக்கையில் "ஊழியர்கள் உற்சாகமாகக் கலந்துகொண்டனர்" என்று இருந்தால் அதை அப்படியே நம்ப வேண்டாம். மேலாளர் வழியாக அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டியதாயிற்று. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய பேனர் இப்போதும் கேன்டீன் வாசலில்தான் தொங்குகிறது. ஆரஞ்சு நிற வானம், குடை விரித்த வேலமரம், ஒரு ஒட்டகச்சிவிங்கி. "வேகமாகப் போக வேண்டுமா, தனியாகப் போ, வெகுதூரம் போக வேண்டுமா, சேர்ந்து போ." அதன் கீழே "ஆப்பிரிக்கப் பழமொழி" என்று எழுதியிருக்கிறது. சென்னை அலுவலகத்தில் மாட்டியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். இங்கே வேலை செய்பவர்கள் கென்யாவின் பல இனத்தவர். அதைப் படித்துவிட்டுக் கிக்குயூக்காரர் லுவோக்காரரைப் பார்க்கிறார், லுவோக்காரர் கம்பாக்காரரைப் பார்க்கிறார். "இது யார் வீட்டுப் பாட்டி சொன்னது?" என்று என்னைக் கேட்கிறார்கள். நான் என்ன சொல்வது? 2007 டிசம்பரில் ஆஸ்லோவில் நோபல் அமைதிப் பரிசு பெற்றபோது அல் கோர் இந்த வரியைச் சொன்னார். அவரும் "ஆப்பிரிக்கப் பழமொழி" என்பதோடு நிறுத்திக்கொண்டார். 54 நாடுகள், ஏறத்தாழ 2000 மொழிகள். இது எந்த மொழியில், எந்த மக்கள் சொன்னது என்று யாரும் காட்டக் காணோம்.

இதைக்கூடச் சிரித்துவிட்டுக் கடந்திருப்போம். பயிலரங்கில் நடந்ததைத்தான் விழுங்க முடியவில்லை.

"உங்கள் ஊர்ப் பழமொழி ஒன்று சொல்லுங்கள்" என்று உங்கள் பயிற்சியாளர்தான் கேட்டார். கிடங்குப் பொறுப்பாளர் எழுந்தார். வயதில் மூத்தவர் என்பதால் நாங்கள் எல்லோரும் அவரை "ம்சே" என்றுதான் அழைப்போம். மொம்பாசாக்காரர், சுவாஹிலி அவருக்குத் தாய்மொழி. "கிடோலே கிமோஜா ஹாகிவுஞ்சி சாவா" என்றார். ஒற்றை விரலால் பேன் நசுக்க முடியாது. பயிற்சியாளர் முகத்தைச் சுளித்துச் சிரித்துவிட்டு, "பேன் எல்லாம் வேண்டாமே, கொஞ்சம் பாசிட்டிவாக ஏதாவது?" என்றார். பிறகு அவரே பலகையில் "ஒற்றுமையே பலம்" என்று எழுதி, அதற்குக் கீழே "ஆப்பிரிக்கா" என்று போட்டார். ம்சே உட்கார்ந்துவிட்டார். மாலைவரை அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

பேன் பார்க்கும் திண்ணைகள் உள்ள ஊரிலிருந்து வந்த நமக்குமா அந்தப் பழமொழி விளங்கவில்லை? இரண்டு கட்டைவிரல் நகம் சேர்ந்தால்தான் பேன் சாகும். அதற்கு முன்னால், தன் தலையைத் தானே பார்க்க முடியாது, இன்னொருவர் மடியில் சாய்க்க வேண்டும். ஒத்துழைப்பைப் பற்றி இதைவிடத் தெளிவாக உங்கள் ஸ்லைடு எதுவும் சொல்லவில்லை.

கேட்டிருந்தால் இங்கிருப்பவர்கள் இன்னும் சொல்லியிருப்பார்கள். சிறு கூட்டமானாலும் சேர்ந்தால் உரலைத் தூக்கிவிடும் என்பது கிக்குயூ மக்களின் வாக்கு. குழந்தை ஒரே வீட்டில் வளர்வதில்லை என்று உகாண்டாவின் நியோரோ மக்கள் சொல்கிறார்கள். சிலந்தி நூல்கள் ஒன்றுசேர்ந்தால் சிங்கத்தையும் கட்டும் என்பது எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழியில். ம்சேயின் ஊர்ப் பக்கம் பெண்கள் உடுத்தும் லேசோ துணியின் ஓரத்திலேயே பழமொழி அச்சடித்திருக்கும். அந்த வாசகத்தைப் பார்த்துத்தான் துணியையே வாங்குவார்கள். அடுத்த வீட்டுக்காரிக்குச் சொல்ல வேண்டியதை வாய் திறக்காமல் உடுத்திக் காட்டுபவர்களும் உண்டு.

கானாவின் அகான் மக்களிடம் இரண்டு முதலைகளுக்கு ஒரே வயிறு இருக்கும் சின்னம் ஒன்று உண்டு. எந்த வாய் தின்றாலும் போவது ஒரே வயிற்றுக்குத்தான், ஆனாலும் இரண்டும் சாப்பாட்டுக்குச் சண்டை போடும். இது கைகோத்து நிற்கும் படமல்ல, பங்குச் சண்டை போடும் குடும்பத்துக்கான கண்டிப்பு. "ஒற்றைத் தலை ஆலோசனை நடத்தாது" என்பதும் அவர்களுடையதுதான். அவர்களுடைய அரசவைப் பேச்சாளர் கையில் பிடிக்கும் கோலின் உச்சியில் பழமொழிகளையே சிற்பமாகச் செதுக்கியிருப்பார்கள். முட்டையைப் பிடித்த கை அவற்றில் பேர் பெற்றது. அதிகாரம் முட்டை மாதிரி, இறுக்கினால் உடையும், தளர்த்தினால் விழும். அரசனுக்கு எதிரிலேயே நிற்கும் கோல் அது. சேர்ந்து வாழ்வதைப் பற்றிய இந்தப் பேச்சுகள் மேலே இருப்பவரையும் கட்டுப்படுத்தும். உங்கள் பேனரோ கேன்டீனைத் தாண்டி மாடிக்கு ஏறவில்லை.

பழமொழியை எடுத்துக்கொண்டு அதைச் சொன்ன மக்களை மதிக்காமல் விடுவது புதிய பழக்கமுமல்ல. 1916-இல் ராட்ரே என்ற பிரிட்டிஷ் அதிகாரி, அகான் மக்களில் ஒரு பிரிவான அசாந்தி மக்களின் பழமொழிகளைத் தொகுத்தபோது, "காட்டுமிராண்டி மக்களின் ஆதிகால ஒழுக்கநெறி" என்று துணைத்தலைப்பு வைத்து வெளியிட்டார். அதே ஆண்டு தென்னாப்பிரிக்க எழுத்தாளர் சோல் பிளாச்சே, தாமே ஒரு ட்ஸ்வானா இனத்தவர், தம் மக்களின் 732 பழமொழிகளைச் சொல்லுக்குச் சொல் பொருளோடு அச்சிட்டார். நூறாண்டு கழித்து நமக்கு ஒட்டகச்சிவிங்கிதான் கிடைத்ததா?

"சேர்ந்து போ" என்ற பேனர் வந்த அதே மாதம் செலவுக் குறைப்பு என்று கம்பெனி பஸ்ஸையும் நிறுத்திவிட்டீர்கள். இரவு ஷிப்ட் முடிந்து பேக்கிங் பிரிவுப் பெண்கள் இன்டஸ்ட்ரியல் ஏரியாவிலிருந்து மட்டாட்டு என்ற தனியார் வேன் பிடித்து வீடு போகிறார்கள். மழை பெய்தால் மட்டாட்டுக்காரர் கட்டணத்தை ஏற்றிவிடுவார். அவர்களில் சிலர் இருக்கும் பகுதியின் பெயர் உமோஜா. சுவாஹிலியில் ஒற்றுமை என்று அர்த்தம். வேகமாகவும் போக முடியவில்லை, சேர்ந்தும் போக முடியவில்லை. இதற்கு எந்தக் கண்டத்துப் பழமொழி என்று பயிற்சித் துறைதான் தேடித் தர வேண்டும். இந்த நாட்டுச் சின்னத்தில் "ஹராம்பே" என்று எழுதியிருக்கிறது, எல்லோரும் சேர்ந்து இழுப்போம் என்று. அந்தப் பேரில் பணமும் உழைப்பும் போட்டுப் பள்ளிக்கூடங்கள் கட்டிய மக்களுக்கு ஒத்துழைப்புப் பாடம் நடத்த விமானச் சீட்டு எடுக்கக் காசு இருந்தது, பஸ்ஸுக்கு டீசல் போடத்தான் இல்லை.

மன்னிக்கவும், பஸ் உங்கள் துறை இல்லை என்பது தெரியும். உரியவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் நன்றியுடையோம்.

உங்கள் துறையிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பேனரை இறக்கிவிடுங்கள். அதே இடத்தில் ம்சே சொன்ன வரியை, பேனோடு சேர்த்து, சுவாஹிலியிலேயே மாட்டுங்கள். கீழே "சுவாஹிலி" என்று எழுதுங்கள், "ஆப்பிரிக்கா" என்றல்ல. இனி இந்தக் கிளைக்கு எந்தப் பழமொழி அனுப்பினாலும் எந்த மக்களுடையது, எந்த மொழி என்று இங்குள்ளவர்களிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

அச்சுக்குப் போகும் முன் எழுத்துப்பிழை பார்த்துத் தர ம்சே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒட்டகச்சிவிங்கி மட்டும் வேண்டாம் என்கிறார்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு ஊழியர்,
நைரோபிக் கிளை