அந்தப் பாட்டு இரைச்சல் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் விடுமுறைக் கட்டுரையில், வீடியோ கேம்களில் வரும் இசையை ‘காதைக் கிழிக்கும் இரைச்சல்’ என்று ஒரே வரியில் ஒதுக்கியிருந்தார்கள். மதுரை சுற்றுவட்டாரத் திருவிழாக் கச்சேரிகளில் ரிதம் பேட் என்ற மின்னணுத் தாளக் கருவி வாசிப்பவன் நான். எனக்குத் தாளத்தில் ஆசை வந்ததே அந்த இரைச்சலில்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

சிம்மக்கல் பக்கம் பிரவுசிங் சென்டர்கள் நிறைந்திருந்த காலம் அது. 2000-ல் வெளியான ‘டோனி ஹாக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர் 2’ என்ற ஸ்கேட்போர்டு (சக்கரப் பலகை) வீடியோ கேம் எங்களுக்குச் சில வருடம் கழித்துத்தான் கிடைத்தது. எங்கள் தெருவில் யாரும் ஸ்கேட்போர்டை நேரில் பார்த்ததில்லை. ஒரு ஆட்டம் இரண்டு நிமிடம். அதற்குள் எகிறி, கம்பியில் சறுக்கி, ஒரு வித்தையை இன்னொன்றோடு கோத்துக்கொண்டே போக வேண்டும். இடையில் விழுந்தால் அதுவரை கோத்த பாயின்ட் அவ்வளவும் போச்சு. பாட்டு ஓடிக்கொண்டிருக்க, விரல்கள் தானாக அந்த வேகத்துக்கு வந்துவிடும்.

ஒரு சென்டரில் கம்ப்யூட்டரில் இடம் மிச்சம் பிடிக்கப் பாட்டுகளை எல்லாம் நீக்கிய பிரதியைப் போட்டிருந்தார்கள். படம் அதே படம், வித்தைகளும் அதேதான். ஆனாலும் அந்த சிஸ்டத்தில் யாரும் உட்காரவில்லை. பாட்டு இருந்த சென்டரில்தான் வரிசை நின்றது.

ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘கொரில்லா ரேடியோ’வை அங்கேதான் முதலில் கேட்டேன். முடியப்போகும் இடத்தில் வாத்தியங்கள் அடங்கி, பாடகரின் குரலும் தாழ்ந்து, பிறகு எல்லாம் சேர்ந்து வெடிக்கும். எந்த இடத்தில் கையைக் கட்டிப்போட வேண்டும் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்தப் பாட்டின் டிரம்மர் பிராட் வில்க். மெட்டல் குழுவான ஆந்த்ராக்ஸும் ராப் குழுவான பப்ளிக் எனிமியும் சேர்ந்து செய்த ‘பிரிங் தி நாய்ஸ்’, சுவீடன் பங்க் குழுவான மில்லன்கோலினின் ‘நோ சிகார்’ இரண்டும் அதே விளையாட்டில் இருந்தன. மெட்டல், ராப், பங்க் என்ற பேதமே தெரியாமல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்டோம். அன்று மதுரை கேசட் கடை எதிலும் இவை என் கண்ணில் பட்டதில்லை.

அந்த விளையாட்டின் முதல் இரண்டு பாகங்களைப் புதுப்பித்து 2020-ல் வெளியிட்டபோது பழைய பாடல்களில் பெரும்பாலானவை திரும்ப வந்தன. 2025 ஜூலையில் மூன்றாம், நான்காம் பாகங்களைப் புதுப்பித்தபோது பலவற்றைக் காணோம். இது எனக்குப் பெரிய வருத்தம். புதுப் பாடல்கள் வரட்டும், இன்றைய பையன்களுக்கும் புதிதாகக் கண்டுபிடிக்க ஏதாவது வேண்டும். அதற்காகப் பழையவற்றை ஏன் எடுக்க வேண்டும்? அந்தப் பாட்டுகள் இல்லாமல் அது அதே விளையாட்டு ஆகாது.

அடுத்த சிறப்பிதழில் இந்த இசைக்கென்று ஒரு பக்கம் ஒதுக்க வேண்டுகிறேன். எங்கள் குழுவில் இளம் கீபோர்டு, கிடார் கலைஞர்கள் இருக்கிறார்கள். எந்த விளையாட்டில் எந்தப் பாட்டைக் கேட்டு வாசிக்க வந்தார்கள் என்று அவர்களிடமும் கேளுங்கள்.

இப்படிக்கு,
ரிதம் பேட் கலைஞர் ஒருவர்,
செல்லூர், மதுரை.