ஒட்டுத்துணிப் போர்வைக்கும் தைத்தவர் பெயர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் புதுச்சேரிப் பதிப்பில், கடற்கரைச் சாலையில் நடைபெற்ற கைவினைக் கண்காட்சியின் படத்தொகுப்பு ஒன்று வெளியாகியிருந்தது. அதில் ஆளுயரத்துக்குத் தொங்கும் ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றின் அருகே நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் நிற்கிறார். படத்தின் கீழே 'மகளிர் குழுவினரின் பொழுதுபோக்குக் கைவண்ணம்' என்று அச்சாகியிருக்கிறது. அதே பக்கத்தில் ஓவியத்துக்கு வரைந்தவர் பெயரையும், வில்லியனூர் சுடுமண் பொம்மைக்குச் செய்தவர் பெயரையும் கொடுத்திருக்கும் தாங்கள், இந்தப் போர்வையைத் தைத்தவரின் பெயரை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எனக்கு வயது 69. தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். 40 ஆண்டுகளாகக் குவில்ட் எனப்படும் இத்தகைய போர்வைகளைத் தைத்து வருவதுடன், பிறர் தைத்தவற்றையும் தேடி வாங்கிச் சேர்த்து வருகிறேன். மேலே வெட்டி இணைத்த துணி, நடுவில் பஞ்சு அல்லது நைந்த புடவை, கீழே அடித்துணி என மூன்று அடுக்குகளையும் ஊடுருவிச் செல்லும் ஓடுதையல்தான் இதன் உயிர். கட்டில் அளவுள்ள ஒன்றைக் கையால் தைத்து முடிக்க எனக்கு எட்டு மாதங்களாவது ஆகும். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் நிற்க வேண்டும், தையல் வரி துணியின் கட்டத்தைத் தொடர்வதா, குறுக்கே வெட்டுவதா என்று முடிவெடுப்பதிலேயே பல நாட்கள் கழியும். இதைப் பொழுதுபோக்கு என்பவர்கள், கும்பகோணத்தில் தேருக்குத் தொம்பை எனப்படும் உருளை வடிவத் துணித் தொங்கல்களைத் தைக்கும் ஆண்களின் வெட்டொட்டு வேலையை (துணியை வெட்டி இன்னொரு துணிமேல் ஒட்டித் தைப்பதை) மட்டும் ஒருபோதும் அப்படிச் சொல்வதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன்.

என் முதல் போர்வைக்கான துணி ரோடியர் ஆலையிலிருந்து வந்தது. அங்கே தறிப் பிரிவில் வேலை பார்த்த என் தந்தை கொண்டுவரும் வெட்டுத் துண்டுகளில் கோடு போட்டவை, கட்டம் போட்டவை, சாயம் சரியாக ஏறாதவை என எல்லாம் கலந்திருக்கும். முதலியார்பேட்டைப் பக்கம் வீட்டுக்கு வீடு அப்படியொரு துணி மூட்டை கட்டிலுக்கடியில் கிடந்ததும், மழைக்காலத்துக்கு முன் பெண்கள் அதைப் பிரித்துப் போர்வை தைத்ததும் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1898இல் தொடங்கிய அந்த ஆலை 2020இல் மூடப்பட்டுவிட்டது. இன்று அந்தத் துணியைக் கையால் தொட்டுப் பார்க்க விரும்புகிறவருக்கு, இப்பெண்கள் தைத்துவைத்த போர்வைகளைத் தவிர வேறு எது மிஞ்சியிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

என்னிடம் பிறர் தைத்தவை 53 இருக்கின்றன. கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துச் செல்லும் கவந்தி என்னும் போர்வை ஒன்றும், பழைய துணிகளை அடுக்கித் தைக்கும் வங்காளத்துக் காந்தா இரண்டும் அவற்றில் அடங்கும். மற்றவை பெரும்பாலும் புதுச்சேரி, கடலூர் வீடுகளிலிருந்து வந்தவை. இவற்றுள் தைத்தவர் இன்னார் என்று என்னால் உறுதியாகச் சொல்லக்கூடியவை 19 மட்டுமே. இந்தக் குறைக்கு என் அறியாமையும் ஒரு காரணம். கடலூர் முதுநகரில் ஒரு மூதாட்டியிடம் வாங்கிய நான்கு போர்வைகளுக்கும் பெயர், ஆண்டு, துணி வந்த இடம் ஆகியவற்றைத் தாளில் மையால் எழுதிக் குண்டூசியால் குத்தி வைத்திருந்தேன். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயலில் கூரை ஓடுகள் பறந்து, ட்ரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியபோது, சிவப்புச் சாயம் வெள்ளையில் கசிந்தது ஒருபுறமிருக்க, தாள்கள் கூழாகி எது எவருடையது என்பதே தெரியாமல் போய்விட்டது. மூதாட்டியும் அதற்குள் காலமாகியிருந்தார். அதன் பிறகு நான் பேனாவைத் தொடுவதில்லை. போர்வையின் பின்பக்க மூலையில் சிறு வெள்ளைத் துணி வைத்து, பெயரையும் ஊரையும் ஆண்டையும் நூலாலேயே தைத்துவிடுகிறேன். (பூச்சிக்கு வசம்புத் துண்டு போதும், ஆனால் அது துணியில் நேராகப் படக் கூடாது. மடிப்பையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிப் போட வேண்டும், இல்லையெனில் மடித்த வரியிலேயே இழை அறும்.)

பெயரை நூலால் எழுதுவது நான் கண்டுபிடித்த உத்தியன்று. கொல்கத்தாவின் குருசதய் அருங்காட்சியகத்தில் உள்ள 19ஆம் நூற்றாண்டுக் காந்தா ஒன்றில், மானதாசுந்தரி என்ற பெண் அதைத் தம் தந்தைக்காகத் தம் கையாலேயே தைத்ததாகத் துணியிலேயே பொறித்திருக்கிறார். நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் 1971இல் பழைய அமெரிக்கக் குவில்ட்களை நவீன ஓவியம்போல் சுவரில் மாட்டியபோது உலகம் வியந்தது. ஆனால் தைத்த பெண்களில் பெரும்பாலோரின் பெயர் அங்கே இல்லை. அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரில் கறுப்பினப் பெண்கள் பழைய வேலையுடுப்புகளைக் கிழித்துத் தைத்த போர்வைகள் 2002இல் அதே அருங்காட்சியகத்துக்கு வந்தபோதோ, ஒவ்வொன்றும் தைத்தவரின் பெயரோடு வந்தது. 2006இல் அவற்றில் பத்து, அந்நாட்டு அஞ்சல் தலைகளாகவும் வெளியாயின. இடைப்பட்ட 31 ஆண்டுகளில் மாறியது பார்ப்பவர்களின் மனம்தான் என்பது என் துணிபு.

நம் ஊரில் அந்த மாற்றம் இன்னும் வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகம் தன் விழாவுக்காக என் போர்வை ஒன்றை இரவல் கேட்டது. சுவரில் தொங்கவிட ஏதுவாக நான் பின்புறம் கோல் நுழைப்பதற்கென்று நான்கு அங்குலப் பட்டி தைத்துக் கொடுத்திருந்தும், மேடை மேசைக்கு விரிப்பாகப் போட்டு, காபிக் கறையோடும் ஸ்டேப்ளர் பின்களோடும் திருப்பித் தந்தார்கள். நன்றியுரையில் பந்தல்காரரின் பெயர்கூட இடம்பெற்றது.

எனவே தங்கள் வாயிலாக இரண்டு வேண்டுகோள்கள். கண்காட்சி நடத்துவோர் குழுவின் பெயரோடு தைத்தவரின் பெயரையும் அட்டையில் எழுதட்டும். நாளிதழ்களும் அதைக் கேட்டு வாங்கி வெளியிடட்டும். அடுத்து, ரோடியர் ஆலை வளாகத்தின் எதிர்காலம் பற்றிப் பேசுவோர், அங்கே ஒரு கொட்டகையையாவது ஆலைத் துணிக்கும் அதில் பெண்கள் தைத்தவற்றுக்கும் ஒதுக்குவது குறித்து எண்ணிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் 1979இல் ஒரு பழைய பால்பண்ணைக் கொட்டகையில் தொடங்கிய கண்காட்சிதான், இன்றைய கலைக் குவில்ட்களுக்கான பேர்பெற்ற போட்டியாக ஈராண்டுக்கு ஒருமுறை நடந்துவருகிறது. மாட்டுக் கொட்டகையில் முடிந்தது தறிக்கொட்டகையில் முடியாதா? அப்படியொரு இடம் அமையுமானால், என் 53 போர்வைகளையும் விலையின்றித் தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இறுதியாக, அந்தப் படத்தில் நிற்கும் பெண்மணியின் பெயரையும் ஊரையும் தங்கள் படக்கலைஞர் வழியாக விசாரித்துத் தெரிவிக்க இயலுமா? இடது ஓரத்தில் மயில்கழுத்து நிறத்துக்கு அருகில் காவியை வைத்திருக்கும் அவருடைய துணிச்சல் எனக்கு இதுவரை வந்ததில்லை. அந்தப் போர்வையை அவர் சொல்லும் விலைக்கு வாங்கிக்கொள்ள விரும்புகிறேன். பின்பக்க மூலையில் அவர் தம் பெயரைத் தைத்துக் கொடுக்கும் வரை காத்திருக்கவும் சம்மதம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.