கன்டன் சந்தைக்குப் போகும் தம்பிக்கு

தம்பி,

சீனாவின் குவாங்சோவில் நடக்கிற பெரிய வர்த்தகச் சந்தையான கன்டன் சந்தைக்கு, உம்முடைய ஹாட்வெயார் கடைக்குச் சாமான் எடுக்கப் போக விசாவுக்கு என்னென்ன வேணும் என்றுதான் கேட்டிருந்தீர். அதற்குப் பதில் சின்னது. சந்தையின் இணையத்தளத்தில் வெளிநாட்டுக் கொள்வனவாளர் என்று பதிந்தால் அழைப்புக் கடிதம் கிடைக்கும். அதை வைத்து ‘எம்’ வகை வியாபார விசா கேளும். பாஸ்போட்டில் ஆறு மாதத்துக்கு மேல் காலம் இருக்க வேணும். உள்ளே போகும் அட்டைக்கும் அந்தப் பதிவுதான். அட்டையைத் தொலைக்காமல் வைத்திருந்தால் அடுத்த சந்தைக்கும் அதுவே போதும்.

நீர் கேட்காமல் விட்டது திகதி. டிக்கெட் எடுக்க முதல் அதைப் பாரும். இலையுதிர்காலச் சந்தை வழமையாக மூன்று கட்டமாக நடக்கும்: ஒக்டோபர் 15 முதல் 19, பிறகு 23 முதல் 27, கடைசியாக ஒக்டோபர் 31 முதல் நவம்பர் 4. ஹாட்வெயார் கடைக்காரர் எல்லாரும் முதல் கட்டத்துக்கு ஓடுவார்கள். பூட்டு, கீல், ஆணி, கைக்கருவி, மின்விளக்கு எல்லாம் அதில்தான். ஆனால் திருகுபைப், கொமட், ஷவர், டைல்ஸ் இரண்டாம் கட்டம். மத்திய வீதியில் உள்ள உம்முடைய கடையில் பாதி வியாபாரம் பாத்ரூம் சாமான் என்றால், 19ஆம் திகதி திரும்பி வருகிறவர் தன் கடையின் பாதியைப் பார்க்காமலே வருகிறார்.

இரண்டுக்கும் நடுவில் வரும் 20, 21, 22 ஆகிய மூன்று நாளும் மண்டபங்களில் பழைய கடைகளைக் கழற்றி, அடுத்த கட்டத்துக்குப் புதிதாக அமைப்பார்கள். வேடிக்கை பார்க்கவும் விடமாட்டார்கள். அந்த நாட்களை வீணென்று நினைக்காதேயும். குவாங்சோவை ஒட்டி ஃபொஷான் இருக்கிறது. டைல்ஸுக்கும் தளபாடத்துக்கும் பேர்போன ஊர், மெட்ரோவிலேயே போகலாம். விளக்கு என்றால் சொங்ஷானில் குசென். திருகுபைப் வார்க்கிற பட்டறைகள் கைபிங் பக்கம் ஷுய்கோவில். ஆகவே 17 ராத்திரி போய்ச் சேரும், 18, 19 முதல் கட்டம், மூன்று நாள் வெளியூர், 23, 24 இரண்டாம் கட்டம், 25 திரும்பும். என் கணக்கில் இதுதான் உமக்குப் பொருத்தம்.

சந்தை நாட்களில் ஹொட்டேல் வாடகை எகிறும். வாசலுக்குப் பக்கத்தில்தான் வேணும் என்று அடம்பிடிக்க வேண்டாம். சந்தை நடக்கும் பாஜோவுக்கு 8ஆம் இலக்க மெட்ரோ போகிறது. ‘ஏ’ பகுதிக்கு சிங்காங்தொங் நிலையம், ‘பி’ பகுதிக்கு பாஜோ நிலையம். அந்தப் பாதையில் நாலைந்து நிலையம் தள்ளி எடுத்தால் போதும். வெளிநாட்டவரை ஏற்பார்களா என்று முன்பே எழுதிக் கேளும். சின்ன விடுதிகளில் பாஸ்போட்டைப் பதியத் தெரியாமல் இழுத்தடிப்பார்கள். தெரிந்தவர் வீட்டில் தங்கினால் 24 மணித்தியாலத்துக்குள் பொலிஸில் நீரே பதிய வேணும். ஹொட்டேல் என்றால் அதை அவர்களே செய்வார்கள்.

அடுத்தது போன். இதை இங்கேயே, திருகோணமலையில் இருக்கும்போதே முடித்துவிடும். அங்கே போய்த் தொடங்கினால் இரண்டு நாள் போய்விடும். வாட்ஸ்அப், கூகுள், யூடியூப், பேஸ்புக் எதுவும் ஹொட்டேல் வைபையில் வேலை செய்யாது. இலங்கை சிம்மின் ரோமிங் டேட்டாவிலோ வெளிநாட்டு இ-சிம்மிலோ போனால் வேலை செய்யும்; தரவு சீனாவின் வலைக்குள் வடிகட்டப்படாமல் வெளியே போய்வரும். அங்கே வியாபாரம் முழுக்க வீசாட்டில், அதாவது சீனர்களின் வாட்ஸ்அப் மாதிரியான செயலியில். புதுக் கணக்குத் திறக்கும்போது ஏற்கெனவே கணக்கு உள்ள ஒருவர் உறுதிப்படுத்தச் சொல்லி அது கேட்கக்கூடும். அந்த ஆளை அங்கே எங்கே தேடுவது? முன்பு போய்வந்த வியாபாரி யாரையாவது இங்கேயே பிடியும்.

காசும் போனுக்குள்தான். தேநீர் விற்கிறவரும் கியூஆர் அட்டையைத்தான் நீட்டுவார். காசு கட்டும் சீனச் செயலியான அலிபேயை இறக்கி, பாஸ்போட்டைப் பதிந்து, விசா அல்லது மாஸ்டர் அட்டையைச் சேரும். அதற்கு முதல் வங்கிக்குப் போய் வெளிநாட்டுப் பாவனையைத் திறக்கச் சொல்லும். ஓடிபி இலங்கை இலக்கத்துக்குத்தான் வரும், அதனால் அந்த சிம்மைக் கழற்றக் கூடாது. 200 யுவானுக்கு மேற்பட்ட கொடுப்பனவுக்கு வெளிநாட்டு அட்டையில் 3 வீதம் கட்டணம் பிடிப்பார்கள். மெட்ரோவுக்கும் டாக்சிக்கும் அதே அலிபே போதும். கூகுள் வரைபடத்தை நம்பாதேயும். வீதி ஒரு பக்கம், கடை ஒரு பக்கம் காட்டும். சீன வரைபடச் செயலியான அமாப் வைத்துக்கொள்ளும். கைக்காசாக டொலர் கொண்டுபோனால் 5,000க்கு மேற்பட்டதைச் சீனச் சுங்கத்தில் அறிவிக்க வேணும்.

பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேணும், 100 வாட்-மணிக்குள். குன்மிங்கிலோ செங்டுவிலோ இறங்கி உள்நாட்டு விமானம் மாறுகிறதென்றால் இன்னொரு சிக்கல் உண்டு: 2025 ஜூன் 28 முதல் ‘3சி’ என்ற சீனத் தர முத்திரை இல்லாத பவர் பேங்கை உள்நாட்டு விமானத்தில் ஏற்றமாட்டார்கள். நம்முடைய கடைகளில் விற்கிற பலதில் அந்த முத்திரை இல்லை.

இனி சாமான். ஒரு பையில் கடையிலிருந்தே மாதிரி எடுத்துப் போம்: அதிகம் ஓடுகிற அரை அங்குலத் திருகுபைப் ஒன்று, ஒரு கீல், ஒரு பூட்டு, ஒரு பிளக். ‘இதே புரி, இதே அளவு’ என்று மேசையில் வைத்தால் மொழிபெயர்ப்புக்கு வேலையில்லை. பிளக்கில் கவனம். மின்சாரம் அங்கே 220 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், நமக்குப் பொருந்தும். பிளக் வேறு. இலங்கையில் ஏற்றுக்கொண்ட தரம் சதுர முனை 13 அம்பியர். பழைய வட்ட முனைச் சாமானை மலிவென்று அள்ளினால் துறைமுகத்தில் நிற்கும். மின்சாமான் எதுவானாலும் முற்பணம் போட முதல் எச்.எஸ். இலக்கத்தை (சுங்கத்தில் சாமானின் வகையைக் குறிக்கும் எண்) சுங்க வேலை பார்க்கிற கிளியரிங் ஏஜென்டுக்கு அனுப்பி, தரச் சான்றிதழ் கேட்பார்களா என்று தெரிந்துகொள்ளும்.

துருப்பிடிக்காத உருக்கு என்று அவர்கள் சொல்வதில் மூன்று தரம் இருக்கிறது, இதில்தான் நம்மூர்க்காரர் ஏமாறுவது. 201, 304, 316. மூன்றும் கடையில் ஒரே பளபளப்பு. 201இல் நிக்கல் குறைவு, அதற்குப் பதிலாக மங்கனீஸ் சேர்த்திருப்பார்கள். கண்டியிலோ குருநாகலிலோ எப்படியோ தாக்குப்பிடிக்கும், நிலாவெளிக் கடற்காற்றில் செம்புள்ளி போடத் தொடங்கிவிடும். காந்தம் வைத்துப் பார்க்கிறேன் என்று போகாதேயும்; 201ஐயும் 304ஐயும் காந்தம் பிரித்துக் காட்டாது. மங்கனீஸைக் காட்டுகிற சோதனைத் துளி மருந்து சின்னப் போத்தலில் விற்கிறார்கள். ஒரு சொட்டு விட்டு நிறம் மாறுகிறதா பாரும். உப்புவெளி, நிலாவெளி ஹொட்டேல்களுக்குக் கொடுக்கிற சாமான் 304க்குக் கீழே வேண்டாம், கடலைப் பார்த்த பல்கனிக் கம்பி என்றால் 316. தரத்தை வாயால் பேசி விடாமல் புரோபோமா இன்வொயிஸிலேயே, அதாவது சாமானுக்கு முன் தருகிற விலைப்பட்டியலிலேயே, எழுதச் சொல்லும்.

விலை கேட்கும்போது எத்தனை பெட்டி, பெட்டி நீள அகல உயரம் எவ்வளவு, நிறை எவ்வளவு என்றும் சேர்த்துக் கேளும். 60க்கு 40க்கு 35 சென்ரிமீற்றர் பெட்டி 0.084 கன மீற்றர். 20 அடிக் கொள்கலனில் கணக்குக்கு 33 கன மீற்றர், உண்மையில் அடுக்க முடிவது 27, 28தான். ஆகவே சுமார் 330 பெட்டி. டைல்ஸுக்கு இந்தக் கணக்குச் செல்லாது. பாதிக் கொள்கலன் வெறுமையாக இருக்கும்போதே நிறை முடிந்துவிடும். எஃப்ஓபி விலை என்றால் சீனத் துறைமுகம் வரைக்கும்தான். கப்பல் கூலி, கொழும்பில் சுங்கம், லொறி எல்லாம் உம்முடைய தலையில். உலகமே மெச்சுகிற இயற்கைத் துறைமுகத்தை வாசலில் வைத்துக்கொண்டு, கொழும்பில் இறக்கி லொறியில் ஏற்றி வருகிறோம். அந்தக் கூலியையும் ஒரு திருகுபைப்பின் விலையில் பிரித்துப் போட்டுத்தான் இலாபம் பார்க்க வேணும்.

முற்பணம் 30 வீதம், மிச்சம் 70 சாமான் முடிந்த பிறகு, இதுதான் அங்கே நடைமுறை. மிச்சத்தை அனுப்ப முதல், அடுக்கிய பெட்டிகளையும் திறந்த பெட்டி ஒன்றையும் வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லும். காசு வங்கி வழியாக, இன்வொயிஸில் உள்ள கம்பனிப் பெயருக்கே போக வேணும். தனியாள் கணக்குச் சொன்னால் கைகழுவும். “வங்கிக் கணக்கு மாறிவிட்டது” என்று மின்னஞ்சல் வந்தால் அது பெரும்பாலும் திருடன். வீசாட்டில் முகம் பார்த்துக் கேட்காமல் ஒரு சதமும் அனுப்பாதேயும். சந்தையில் நிற்கிற எல்லாரும் தொழிற்சாலைக்காரர் இல்லை, இடைத்தரகரும் நிற்பார்கள். “தொழிற்சாலையை நாளைக்குப் பார்க்கலாமா?” என்ற கேள்விக்கு வருகிற பதிலில் ஆள் தெரிந்துவிடும்.

கடைக்காரரின் அட்டையைச் சாமானுக்குப் பக்கத்தில் பிடித்து ஒரே படமாக எடும், அனுமதி கேட்டுவிட்டு. இல்லாவிட்டால் ராத்திரி அறையில் நாற்பது அட்டையும் நாற்பது பைப்புமாக முழித்துக்கொண்டு இருப்பீர்.

சாப்பாடு: மரக்கறி என்று சொன்னாலும் பன்றிக்கொழுப்பிலோ கோழித்தூளிலோ வதக்கியிருப்பார்கள். இறைச்சி, மீன், பன்றிக்கொழுப்பு, கோழித்தூள் வேண்டாம் என்று சீன எழுத்தில் ஒரு துண்டு அச்சடித்து வைத்துக்கொள்ளும். உம்மோடு வருகிற கிண்ணியா நண்பருக்கு சியாவ்பெய் பக்கம் ஹலால் கடைகள் உண்டு. பலகையில் ‘சிங்ஜென்’ என்ற எழுத்தைத் தேடச் சொல்லும். குழாய்த் தண்ணி குடிக்கக் கூடாது. சுடுதண்ணி எங்கும் கிடைக்கும்.

நேரம் நம்மை விட இரண்டரை மணித்தியாலம் முன்னுக்கு. திரும்பி வந்தபின் அவர்களை அழைக்கிறதென்றால் நம்முடைய காலை ஏழரை நல்லது. ஒன்பதரைக்கு அங்கே மதியச் சாப்பாடு, பிறகு சின்னத் தூக்கம்.

கட்டுநாயக்காவுக்குக் கொழும்பு சுற்றிப் போகத் தேவையில்லை. குருநாகலில் பிரிந்து கிரியுல்ல, திவுலப்பிட்டிய வழியாக இறங்கலாம். வரும்போது ராத்திரி விமானம் என்றால் நீர்கொழும்பில் படுத்துவிட்டு விடியப் புறப்படும். பதினைந்து கிலோ கட்டலொக்கோடும் தூக்கக் கலக்கத்தோடும் இருக்கிற ஆளை ஏற்றிக்கொண்டு, ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவில் யானை கடக்கிற நேரத்தில் வானை விரட்டச் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்